சூட்டுச் சந்தா

புவாட் முதலாளி அந்தக் காரைக் கொழும்பிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த அன்று றக்வான கடைவீதியில் பாதி அவருடைய ஹார்ட்வெயார் கடை வாசலில்தான் நின்றது. பெற்றோல் கேட்காத கார், சத்தம் போடாத கார் என்பதெல்லாம் ஏற்கெனவே காதில் விழுந்த சங்கதி. ஆனால் முன்சீட்டில் சூடு வரும் என்று அவர் சொன்னதும் ஆட்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்ப முட்டையை வச்சா குஞ்சு பொரிக்குமா மொதலாளி?" என்று மரக்கறிக் கடைக்காரர் கேட்டார். முதலாளியும் சேர்ந்துதான் சிரித்தார். அந்தச் சூட்டுப் பொத்தானை அவர் ஒரு நாள்கூட அமுக்கவில்லை. கொஞ்ச காலத்தில் சீமெந்து ஏற்றுவதற்கு லொறிதான் தோது என்று கண்டு, காரைத் தேயிலைத் தோட்டத்து விதுர்ஷனுக்கு விற்றுவிட்டார். விதுர்ஷன் அதை வாடகைக்கு ஆளேற்றி ஹயருக்கு ஓட்டினான்.

சிரித்தவர்கள் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருந்தது. அதனால்தான் அவர்களால் சிரிக்க முடிந்தது.

விதுர்ஷனின் அப்பா தங்கையாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு தடவை எம்பிலிப்பிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் இரத்தம் கழுவிக்கொண்டு வரவேண்டும். தங்கையா லேசுப்பட்ட ஆள் இல்லை. தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டிரையருக்குப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்தவர். அதோடு தொழிற்சங்கத்தில் தோட்டத் தலைவர். பென்ஷன் வயது தாண்டி எத்தனையோ காலமாகியும் ஊர் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுகிறது. பெரிய தொண்டை. ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பிரட்டுக் களத்தில் அவர் பேசினால் அடுத்த மலையில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கும் கேட்கும் என்பார்கள்.

அந்த மனிதர் இப்போது குளிருக்குப் பயந்தார். இரத்தம் கழுவி முடிந்ததும் எலும்புக்குள் இருந்து ஒரு நடுக்கம் புறப்படும். எம்பிலிப்பிட்டியவில் வெயில் மண்டையைப் பிளக்கும், ஆட்டோக்காரர்கள் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருப்பார்கள், இவர் மட்டும் ஸ்வெட்டரும் குல்லாவும் கம்பளியுமாக வெளியே வருவார். பள்ளேபெத்த வரை ஒருமாதிரி சமாளிப்பார். கொடகவெலவில் திரும்பி மலை ஏறத் தொடங்கியதும் மழையும் மலையை மூடுகிற மப்பும் வந்து சேரும். அதோடு பல் கிட்டித்துவிடும். சுடுதண்ணீர்ப் பை வாங்கிப் பார்த்தார்கள், அது பாதி வழியில் ஆறிப்போனது. காரின் சூட்டுக் காற்றைத் திறந்துவிட்டால் முகத்தில் அடித்து அவருக்கு வாந்தி வந்தது.

அப்போதுதான் விதுர்ஷன் அந்தப் பொத்தானை அமுக்கினான். முதுகிலும் இடுப்பிலும் மெதுவாகச் சூடு ஏறியது. தங்கையா கண்ணை மூடிக்கொண்டார். "டேய், டிரையர் வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்குடா" என்றார். அன்றுதான் அவர் வீடு வரைக்கும் தூங்கிக்கொண்டு வந்தார். வாசலில் காத்திருந்த அவர் மனைவி சீதாதேவி, கார் சீட்டில் வாயைத் திறந்து தூங்குகிற புருஷனைப் பார்த்துவிட்டு, எழுப்ப மனமில்லாமல் மழையில் நனைந்தபடியே நின்றாள்.

அந்தச் சூட்டுக்குத்தான் ஒரு நாள் கேடு வந்தது.

அன்றைக்கும் ஆஸ்பத்திரி முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். பஸ் தரிப்பிடத்தில் மர்லியா நின்றுகொண்டிருந்தார். கொடகவெலக்காரர், கடைக்காரப் புருஷன் மௌத்தாகிவிட்ட பிறகு தனியாகப் போய்வருகிறவர். தலைவருக்குப் பக்கத்துக் கட்டிலில்தான் அவருக்கும் மெஷின். விதுர்ஷன் வழக்கம்போலக் காரை நிறுத்தி, "வாங்கம்மா, போற வழிதானே" என்றான். அவரும் வழக்கம்போல, "இல்ல மகன், பஸ் வாற நேரம்தான். நீங்க தலைவரக் கூட்டிட்டுப் போங்க" என்றார். சேலை முந்தானையால் தலையோடு தோளையும் மூடியிருந்தார். மூடியிருந்தும் அவர் நடுங்குவது தெரிந்தது.

"ஓசியில ஏற மாட்டாங்க. ரோசக்காரப் பொம்பள" என்றார் தங்கையா. அதில் மரியாதை இருந்தது.

கொடகவெலவில் திரும்பியதும் விதுர்ஷன் பொத்தானை அமுக்கினான். சூடு வரவில்லை. திரையில் பனி மூடிய மலை ஒன்றும், அதன் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிற வெள்ளைக்காரப் புருஷன் பெண்சாதியும் தெரிந்தார்கள். கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. விதுர்ஷன் காரை ஓரங்கட்டி வாசித்தான்.

"என்னடா, சூட்டக் காணோம்?"

"சந்தா கேக்குதுப்பா."

"எது?"

"காரு."

தங்கையா கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"வெளங்குற மாதிரி சொல்லு."

"குளிர்கால வசதின்னு போட்டிருக்கு. இவ்வளவு நாளும் சும்மா குடுத்தாங்களாம். இனிமே மாசா மாசம் சந்தா கட்டினாத்தான் சூடு வருமாம்."

"றக்வானைல எப்படா குளிர்காலம் வந்துச்சு? சரி, அது கெடக்கட்டும். சீட்டுக்குள்ள கம்பி இருக்கா, கழட்டிக்கிட்டுப் போயிட்டானா?"

"இருக்குப்பா."

"அந்துபோச்சா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கும்."

"கரண்டு?"

"நம்ம வீட்டுக் கரண்டுதான். காலையில சார்ஜ் போட்டோமே."

"காரு யாருது?"

"நம்மளது."

"கம்பி நம்மளது. கரண்டு நம்மளது. காரு நம்மளது. அப்ப சூடு மட்டும் எவன்டாது?"

விதுர்ஷன் திரையைத் தட்டிப் பார்த்தான். காரின் கணக்கு இன்னும் புவாட் முதலாளியின் போனில்தான் இருக்கிறது, அவர் மூலமாகத்தான் கட்ட முடியும் என்று மட்டும் முணுமுணுத்தான். மழை வலுத்தது. மீதி வழியெல்லாம் தங்கையா நடுங்கிக்கொண்டே வந்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்தால் ஏதோ யோசிக்கிறார் என்று தோட்டத்தில் துரைமாருக்கே தெரியும்.

வீட்டில் சீதாதேவி உருளைக்கிழங்கை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி அவித்துக்கொண்டிருந்தாள். தங்கையாவுக்கு எந்தக் காய் சமைத்தாலும் அப்படித்தான். காயில் இருக்கிற சத்தே அவருக்கு நஞ்சு என்று டொக்டர் சொல்லியிருந்தார். பிளேன்டீ சின்னக் கோப்பையில் அரைவாசி, தண்ணீர் அளவு பார்த்துத்தான். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொள்ளலாம். ஆயுசு பூராவும் கொழுந்து எடுத்த கைக்கு இப்போது இதுதான் வேலை. அதைப் பற்றி அவள் குறை சொன்னதில்லை. அவளை அரித்த கவலை வேறு. உடம்புக்கு வந்ததிலிருந்து மனுஷன் 'அடுத்த மாசம்' என்ற பேச்சையே எடுப்பதில்லை. கோயில் திருவிழாக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், "இருக்கிறவங்க பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிடுகிறார்.

தங்கையா கதிரையில் உட்கார்ந்தார். மருமகள் நிலுஷா இன்னொரு கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினாள். அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள், குழந்தைகளுக்குப் போர்த்துகிற மாதிரியே இவருக்கும் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இனி நான் ஆஸ்பத்திரிக்கி வரல. ஸ்ட்ரைக்" என்றார் தங்கையா.

சீதாதேவி கரண்டியோடு வெளியே வந்தாள். "என்னங்க இது?"

"நாஞ் சந்தா வாங்குன ஆளு. சந்தான்னா என்னான்னு எனக்குத் தெரியும். சந்தா குடுக்கிறவனுக்கு வாய் இருக்கணும். மாசக் கூட்டம் இருக்கணும். தலைவரு தப்புப் பண்ணுனா எறக்கிவிட வழி இருக்கணும். கோயிலுக்குச் சந்தா குடுக்குறோம், திருவிழாவுல நம்ம பேரச் சொல்லிக் காளாஞ்சி குடுக்குறான். மரண சங்கத்துக்குக் குடுக்குறோம், செத்தா பெட்டி வருது. இவன் எங்க ஆபீசு வச்சிருக்கான்? எவன் தலைவன்? சாமானையும் வித்துப்புட்டு, வித்த சாமான்ல பூட்டையும் போட்டுக்கிட்டு, சாவிக்கு மாசா மாசம் வாடகை கேக்குறான்!"

"நான் கட்டிர்றேம்பா. ஒரு நாளைக்கு ஒரு பிளேன்டீக் காசுதான் வரும்" என்றான் விதுர்ஷன்.

"கட்டுனா நான் அந்தச் சீட்டுல ஒக்கார மாட்டேன்."

"எம்பிலிப்பிட்டியவுல ஒரு மெக்கானிக் பாஸ் இருக்காரு, வயர இழுத்து நேரா குடுத்துருவாராம்."

"திருட்டுச் சூடு எனக்கு வேணாம். ஸ்ட்ரைக்குன்னா மொறையாச் செய்யணும்."

"சூடு இல்லாட்டிப் பரவால்ல மாமா, கம்பளி இருக்கு, நான் கூட வாறேன்" என்றாள் நிலுஷா. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த தவணை அன்று விடிகாலையில் விதுர்ஷன் காரை வாசலுக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்து வைத்தான். தங்கையா வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, அந்தக் காலத்தில் ஸ்ட்ரைக் நாட்களில் உட்கார்ந்த மாதிரியே கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கொழுந்துக்குப் போகிற பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டியபடி நின்று பார்த்தார்கள். "தலைவரு காரோட ஸ்ட்ரைக்காம்டி" என்று சிரித்தார்கள். சீதாதேவி சிரிக்கவில்லை. கார் மழையில் நனைந்தபடி நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்த நேர்ஸ் நோனா, ஏன் ஐயா வரவில்லை, தள்ளிப் போடவே கூடாது என்று சிங்களத்தில் படபடத்தார். சீதாதேவி தானே ஏதோ குற்றம் செய்த மாதிரி மன்னிப்புக் கேட்டு, "சமாவென்ன நோனா, நாளைக்கிக் கூட்டிட்டு வாறோம்" என்று இரண்டு பாஷையையும் கலந்து சொல்லிவிட்டு வைத்தாள்.

பொழுது சாய்வதற்குள் அவருடைய கால் வீங்கிவிட்டது. அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது, அதனால் கதிரையிலேயே சாய்ந்து கிடந்தார். இன்னும் ஒரு தவணை போகாவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்லவில்லை. சீதாதேவி குடையை எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு இறங்கினாள்.

புவாட் முதலாளி ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். கல்லாவில் அவர் மனைவி றஸ்மியா இருந்தார். சீதாதேவி நின்றபடியே நடந்ததையெல்லாம் சொன்னாள். முதலாளிக்கு முகம் வாடிவிட்டது.

"எனக்கு மெசேஜ் வந்துதான் ஈக்கி. என்னமோ விளம்பரம் எண்டு பாக்காம விட்டுட்டன். சின்னக் காசுதானே, இப்பவே கட்டுறன். இதுக்குப் போய் உசிரோட வெளையாடுறதா?"

"கட்டினா ஒக்கார மாட்டாரு மொதலாளி. அவரு ஸ்ட்ரைக்குன்னு சொல்லிட்டாரு. சொன்ன வாய்க்கு எறங்கி வர வழி வேணும். ஸ்ட்ரைக்குன்னா எதிர்ல ஒரு தொரை ஒக்காரணும், பேசணும். இங்க யாரு இருக்கா? வெறும் காருதான் நிக்குது."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

சீதாதேவி தயங்கினாள். "கணக்கு உங்க பேருலதானே இருக்கு. நீங்க கொஞ்ச நேரம் தொரையா இருங்க."

"அல்லாஹ்! நான் ஆணி விக்கிற மனிசன்."

"போங்க" என்றார் றஸ்மியா கல்லாவிலிருந்து. "வீட்ல ஒவ்வொரு நாளும் தொரையாத்தானே ஈக்கிறீங்க. ஒரு நாளைக்கி வெளியிலயும் ஈந்தா ஒண்டும் கொறையாது. நானும் வாறன். போன்ல தட்டுற வேலை உங்களுக்கு வெளங்காது."

சீதாதேவிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போன இடத்தில் அழுகை வந்துவிட்டது. றஸ்மியா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே பேச்சுவார்த்தை நடந்தது. புவாட் முதலாளி பெருநாளுக்குப் போடுகிற நீளக்காற்சட்டை போட்டு வந்திருந்தார். முன் அறையில் பிளாஸ்டிக் கதிரைகளை எதிரும் புதிருமாகப் போட்டிருந்தான் விதுர்ஷன். நிலுஷா வந்தவர்களுக்குப் பிளேன்டீயும் ரொட்டியும் வைத்தாள். தங்கையாவுக்கு முன்னால் எதுவும் வைக்கவில்லை. அவர் மூச்சை இழுத்து இழுத்துத்தான் பேசினார், ஆனாலும் முதலாளியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க கம்பெனிப் பக்கமா வந்திருக்கீங்களா?"

"ஓம் தலைவர்" என்றார் புவாட். 

"அப்ப கேட்டுக்கங்க. கம்பி, கரண்டு, காரு மூணும் எங்களுது. அதுல வாற சூட்டுக்குச் சந்தா கேக்குறது அநியாயம். அப்படியே சந்தா வாங்குறதுன்னா கூட்டம் போடணும், எங்க பேச்சையும் கேக்கணும். கேக்காம நிறுத்துனதுக்குக் கம்பெனி பதில் சொல்லணும்."

"நியாயம்தான் தலைவர். நான் காசு குடுத்து வாங்கின சாமானுக்கே எனக்கிட்டயும்தானே கேக்குறான்" என்று ஆரம்பித்த புவாட், தான் எந்தப் பக்கம் என்பது ஞாபகம் வந்து இருமினார். "ஆனா பெரிய தொரை ஈக்கிறது கடலுக்கு அங்கால. இங்க ஒரு தலைவர் குளிர்ல நடுங்குறது அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரிய வைக்கத்தானே ஸ்ட்ரைக்."

"எத்தினை பேர் ஸ்ட்ரைக் பண்றாங்க?"

 குசினி வாசலில் நின்றிருந்த சீதாதேவி உள்ளே வந்தாள்.

"நான் சொல்றேன் மொதலாளி. ஒத்த ஆளு." அவள் புருஷனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "ஒத்த ஆளு வேலைக்கி வராட்டி அதுக்குப் பேரு ஸ்ட்ரைக்காங்க? செக்ரோல்ல பேருக்கு நேரா என்னா போடுவாங்க? ஆப்சென்ட்டுன்னு போடுவாங்க. நீங்க ஆப்சென்ட்டு ஆவப் பாக்குறீங்க."

"சீதா, பேச்சுவார்த்தை நடக்கு..."

"எனக்கும் கோரிக்கை இருக்கு. அந்தப் பெரிய ஸ்ட்ரைக் ஞாபகம் இருக்கா ஒங்களுக்கு? எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, நீங்க மட்டும் ஸ்டோர விட்டு வரல. உள்ள வாடப்போட்ட கொழுந்து கெடந்துச்சு. விட்டா அழுகிரும். 'கொழுந்து தொரை பறிச்சதில்ல, நம்ம பொம்பளைங்க மழையில நின்னு பறிச்சது. அதப் பாழாக்குனா நம்ம உழைப்பத்தான் பாழாக்குறோம்'னு சொன்னீங்க. அம்புட்டையும் டிரையர்ல போட்டு முடிச்சிட்டுத்தான் கதவச் சாத்துனீங்க. சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன்."

"தண்ணிய அளந்து, கெழங்க ரெண்டு தரம் அவிச்சு, ஒங்க கால அமுக்கிப் பாத்துப் பாத்து, ஒங்கள வச்சிருக்கிறது நான். இது என் உழைப்பு. அதப் பாழாக்க ஒங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?" அவள் அவருடைய காலை அமுக்கிக் காட்டினாள். "இது ஸ்ட்ரைக்கே இல்லீங்க. சாகுறதுக்கு ஒரு சாக்கு கெடச்சிச்சு ஒங்களுக்கு. அவ்வளவுதான்."

 விதுர்ஷன் தலையைக் குனிந்துகொண்டான். 

தங்கையா வெகுநேரம் தன் வீங்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பிரட்டுக் களத்தில் யாரும் கேட்டிராத சின்னக் குரலில் பேசினார்.

"அலுத்துப் போச்சு சீதா. குளிருது. மெஷின்ல இருந்து எறக்குனதும் சின்னப் புள்ள மாதிரி நடுங்குறேன், நாலு பேரு பாக்குறாங்க. அந்தச் சூடு ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு. அதையும் எவனோ எங்கயோ இருந்துக்கிட்டு நிறுத்திப்புட்டான். சரி, நாமளும் நிறுத்திக்குவோம்னு தோணிச்சு."

சீதாதேவி அவர் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். அவர் அவள் தலைமேல் கையை வைத்தார். இரத்தம் கழுவுவதற்காக நரம்பு சேர்த்துத் தைத்த அந்தக் கையில் எப்போதும் ஒரு அதிர்வு இருக்கும், மோட்டர் ஓடுவதுபோல. அது தன் உச்சந்தலையில் ஓடுவதைச் சீதாதேவி உணர்ந்தாள்.

புவாட் முதலாளி கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தார். துரை அழக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கொஞ்சம் கழித்துத் தங்கையா தொண்டையைச் செருமினார்.

"சரி. எறங்கி வாறேன். ஆனா ஒத்த ஆளுக்காகச் சந்தா கட்ட மாட்டேன். சங்கம்னா ஆளு வேணும். கொடகவெலயில அந்தம்மா இருக்காங்க, மர்லியா. பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போவுது, நம்ம காரு பின்சீட்டு காலியாப் போவுது. அவங்களும் சந்தாவுல பாதி குடுக்கட்டும். யாருக்கு அன்னிக்கிக் கூடக் குளிருதோ அவங்களுக்கு முன்சீட்டு. இது மொதலாவது."

"ரெண்டாவது?" என்று றஸ்மியா கேட்டார். போனைக் கையில் எடுத்து வைத்திருந்தார்.

"எதிர்ப்போட கட்டுறோம்னு எழுதணும். மாசா மாசம் கட்டுறப்ப மாசா மாசம் எழுதணும். கம்பி எங்களுது, கரண்டு எங்களுதுன்னு எழுதுங்க. றக்வானைன்னு ஊர் பேரையும் போடுங்க. எங்க இருந்து சத்தம் வருதுன்னு அவனுக்குத் தெரியணும்."

றஸ்மியா இங்கிலீஷில் தட்டினார். காசும் கட்டினார். அனுப்பி முடித்த கையோடு போன் டிங் என்றது.

"அதுக்குள்ள பதில் வந்துட்டு. 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம், கவனத்தில் எடுத்துக்கொண்டோம்' எண்டு ஈக்கி."

தங்கையாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாடா? இத்தன தொரைமாரோட பேசியிருக்கேன், ஒருத்தனும் இம்புட்டுச் சீக்கிரத்துல பதில் போட்டதில்ல!"

அது மெஷின் தானாகப் போடுகிற பதில் என்று விதுர்ஷனுக்கும் தெரியும், நிலுஷாவுக்கும் தெரியும், றஸ்மியாவுக்கும் தெரியும். ஒருவரும் மூச்சுவிடவில்லை.

பேச்சுவார்த்தை முடிந்த சூட்டோடேயே கார் புறப்பட்டது. சீதாதேவியும் கூடவே ஏறினாள். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் நோனா நன்றாகத் திட்டினார். வழக்கத்தைவிடக் கூட நேரம் மெஷினில் போட்டார்கள். சிரித்துக்கொண்டே தங்கையா திட்டு வாங்கியதைச் சீதாதேவி அன்றைக்குத்தான் பார்த்தாள். முந்தின நாள் மெஷின் பாதியில் நின்றுபோனதால் மர்லியாவும் அன்று மறுபடி வந்திருந்தார். பக்கத்துக் கட்டிலிலிருந்து அவர், "எங்க தலைவர், நேத்துக் காணல்ல. பயந்துட்டன்" என்றார்.

"ஒரு சங்க வேலை இருந்துச்சும்மா" என்றார் தங்கையா.

வெளியே வந்தபோது வெயில் கொளுத்தியது. இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். மர்லியா பஸ் தரிப்பிடத்தின் பக்கம் திரும்பினார். தங்கையா காரின் முன்கதவைத் திறந்து பிடித்தார்.

"வேணாம் தலைவர். ஒவ்வொரு நாளும் உங்களுக்குக் கரைச்சல். பஸ் வரும்."

"இது உபகாரம் இல்லம்மா. சந்தா. நீங்களும் பாதி குடுக்கணும். குடுத்தா நீங்க உறுப்பினரு. உறுப்பினர பஸ்ஸுல போகவிட்டா தலைவர எறக்கிவிடலாம், அது சட்டம்."

மர்லியா அவரையும் சீதாதேவியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன தங்கச்சி இது?"

"ஏறுங்கக்கா. ஏறாட்டி மறுபடி ஸ்ட்ரைக்குன்னு ஒக்காந்துருவாரு. என்னால தாங்காது" என்றாள் சீதாதேவி.

மர்லியா பைக்குள் கையைவிட்டுத் தன் பங்கை எடுத்துத் தங்கையாவிடம் நீட்டினார். அவர் அதை வாங்கிச் சீதாதேவியிடம் கொடுத்து, "பொருளாளர்" என்றார். அதற்குப் பிறகுதான் மர்லியா ஏறினார். முன்சீட்டில் நேராக, உரிமையோடு உட்கார்ந்தார்.

பின்சீட்டில் தங்கையா இரண்டு கம்பளிக்குள் சுருண்டுகொண்டார். சீதாதேவி அவருடைய கைகளைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள். பள்ளேபெத்த தாண்டியதும் வானம் கறுத்தது. விதுர்ஷன் பொத்தானை அமுக்கினான். பனிமலையும் வெள்ளைக்காரப் புருஷன் பெண்சாதியும் வரவில்லை. சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம் எரிந்தது.

"யா அல்லாஹ்" என்றார் மர்லியா மெதுவாக. "இது என்ன மகன், முதுகுல அடுப்பு வச்ச மாதிரி." பிறகு பேச்சில்லை. கொடகவெல வருவதற்கு முன்னாலேயே அவர் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது. நடுக்கம் நின்றிருந்தது. வீட்டு வாசலில் எழுப்பி இறக்கிவிட்டபோது, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்து, பிறகு சிரித்தார்.

விதுர்ஷன் முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாங்கப்பா, முன்னுக்கு வாங்க, சூடு இருக்கு" என்றான்.

தங்கையா உடனே எழும்பவில்லை. கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து முன்சீட்டின் பின்பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தார். டிரையரில் தேயிலை பதமாகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிற அதே கை.

"சூடு பின்னால வரவே இல்லியேடா. முன்னால ஒக்காந்திருக்கிற ஆளுக்கு மட்டுந்தான். ரெண்டு நோயாளி, ஒரு சூட்டுச் சீட்டு. இது என்ன நியாயம்?" என்று யோசித்தவர், மகனை நிமிர்ந்து பார்த்தார். "புவாட் மொதலாளி வீட்டம்மாகிட்டச் சொல்லி வையி. அடுத்த மாசம் எழுதுறப்ப பின்சீட்டுக்கும் சூடு வேணும்னு கோரிக்கை வைக்கணும். அடுத்த மாசம் மறந்துறாத."

"சரிப்பா" என்றான் விதுர்ஷன்.

சீதாதேவி அவர் கையை மடியிலிருந்து எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வெளியே மலையில் மப்பு இறங்கிக்கொண்டிருந்தது. அவர் முன்சீட்டுக்கு மாறி, கார் புறப்பட்ட பிறகும், அவர் சொன்ன இரண்டு 'அடுத்த மாச'த்தையும் அவள் திரும்பத் திரும்ப மனதுக்குள் கேட்டுக்கொண்டு வந்தாள்.